சனிக்கிழமை வெந்நீர்

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆராய்ச்சிக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன். கண்ணாடித் தகட்டில் செத்துப்போன ஒருவரின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த மெல்லிய சீவல், சாயம் ஏற்றியது. அந்தச் சாயத்தில் நரம்பின் மேலுறை கருநீலமாகத் தெரியும். உறை போய்விட்ட இடம் இருந்தால் அது மட்டும் வெளுத்துத் தெரியும். வருஷக் கணக்காக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த வெளுப்பைத்தான். அன்று காலை, நட்டநடுவில், வட்டமாக ஒரு வெளுப்பு! தகட்டை மாற்றினேன். அதிலும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அடிச்சதுடா யோகம் என்று பேராசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு என் பின்னால் வந்தார்.

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்கேய்யா?”

“நடுவுல சார்.”

“நடுவுல ஒண்ணுமில்லையே தேவசகாயம். எல்லாம் நீலமா ஜம்முன்னு இருக்கே.”

அவரை ஏறக்குறைய தள்ளிவிட்டு நான் பார்த்தேன். வெளுப்பு அப்படியே இருந்தது. இந்த மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, மரியாதையும் கொஞ்சம் குறைச்சல்தான். வலது கையால் படம் வரைய வேண்டும் என்பதற்காக இடது கண்ணாலேயே பார்ப்பது எங்கள் பழக்கம். பேராசிரியர் என் தோளைத் தொட்டு, “அந்தக் கண்ணை மூடிட்டு இந்தக் கண்ணால பாரு” என்றார். பார்த்தேன். வெளுப்பைக் காணோம்.

அது தகட்டில் இல்லை. என் இடது கண்ணில் இருந்தது.

நான் தேடிய வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், பல இடத்துத் தழும்பு என்று அர்த்தம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வியாதியைப் பார்த்துப் பயந்தால் போதும். கரண்டு வயரின் மேல் ரப்பரும் துணியும் சுற்றியிருக்கும் இல்லையா, அதுபோல நரம்பின் மேலேயும் ஓர் உறை உண்டு. இந்த வியாதியில் மூளையிலும் முதுகுத்தண்டிலும் அங்கங்கே அந்த உறை உரிந்து, உரிந்த இடம் தழும்பாக இறுகிப்போகும். கண் நரம்பில் உரிந்தால் பார்வை மங்கும். முதுகுத்தண்டில் உரிந்தால் கால் விழும், மூத்திரம் நிற்காது. கொஞ்ச நாளில் சரியாகும். சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது இன்னோர் இடத்தில் ஆரம்பிக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. மருந்து கிடையாது.

இது குளிர் தேசத்து வியாதி, இந்தியாவில் கிடையாது என்று சீமைப் புத்தகங்கள் எழுதியிருந்தன. கிடையாதா, இல்லை யாரும் தேடவில்லையா என்று பார்ப்பதுதான் என் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அதில் இன்னொரு பகுதியும் உண்டு. முயலுக்கு மூளைச் சாற்றை ஊசியில் ஏற்றி, இதேபோல உறை உரிய வைத்துப் பார்ப்பது. ஊசி போட்ட முயல் முதலில் பின்னங்காலை இழுக்கும். அதை எத்தனையோ தடவை கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன், காலின் தொய்வை விரலால் அளந்திருக்கிறேன்.

எங்கள் அண்ணன் ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்து, துறைமுகத்துக் கரித்தூளை மூக்கில் இழுத்து முன்னுக்கு வந்தவன். என்னைப் படிக்கவைத்தவனும் அவன்தான். வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்பது அவன் ஆசை. என் ஆராய்ச்சியை ஒருநாள் விளக்கிச் சொன்னபோது கன்னத்தில் கை வைத்துக் கேட்டான்: “ஏல, டாக்டருக்குப் படிக்கேன்னுதானே சொன்ன? கடைசியில முயலுக்கா வைத்தியம் பாக்குத?” அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனும் நானும் என் மனைவி பாக்கியமும் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தோம்.

கண் சில வாரத்தில் தெளிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் உஷ்ணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நரம்பைப் பற்றி அவ்வளவு படித்தவன், தனக்கு என்று வந்ததும் உஷ்ணம் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு செருப்பு. டிராமிலிருந்து இறங்கினால் இடது செருப்பு என்னோடு வராது. பின்னால் நிற்கிறவர், “சார், செருப்பு உட்டுட்டுப் போறியே” என்பார். வார் தளர்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஜெபத்தில். சாப்பாட்டுக்கு முன் தலை குனிந்து ஜெபிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் ஜெபத்தைத் தொடங்கினான், நான் தலையைக் குனிந்தேன். பிடரியிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. நிமிர்ந்தேன், நின்றது. மறுபடி குனிந்தேன், மறுபடி பாய்ந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். அவன் குரல் தழுதழுத்தது.

“பாக்கியம், பாத்தியா? ஆவியானவர் அவனத் தொட்டிருக்காரு. எத்தன வருசமா ஜெபிச்சேன் இவனுக்காவ!”

பாக்கியமும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் இருவருக்கும். நான் எதைச் சொல்ல? கழுத்து வளையும்போது முதுகுத்தண்டில் உறை உரிந்த இடம் இழுபடுகிறது, அதனால் வருவது இது, புத்தகத்தில் இதற்கு ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றா? கழுத்தை வளைக்காமல் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு பீரோ சாவியை எடுத்தேன். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக அழுத்திக் கோடு போட்டால், நல்ல உடம்பில் கால் விரல்கள் கீழே மடங்கும். மூளைக்கும் காலுக்கும் நடுவில் வழி கெட்டிருந்தால் கட்டைவிரல் மேலே எழும்பும். வலது காலில் கீறினேன். மடங்கியது. இடது காலில் கீறினேன். கட்டைவிரல் மெதுவாக மேலே எழுந்தது. நான் எழுப்பவில்லை, அது எழுந்தது. மறுபடி கீறினேன். மறுபடி எழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் வந்துவிட்டாள்.

“காலுல என்னங்க சொறி?”

“கொசு” என்றேன்.

முயல் கூண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மண்டிப் படியில் விழுந்த பிறகு மறைக்க முடியவில்லை. அண்ணன் என்னைக் கைரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வெளிநோயாளிகள் வராந்தாவில் பெஞ்சு நிறைய ஜனம். காத்திருப்பதைப் போல ஒரு நரகம் கிடையாது. பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் என் பெயராக இருக்கக் கூடாது என்று இருந்தது. அண்ணன் தன் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டே இருந்தான்.

நரம்பு வார்டின் பெரிய டாக்டருக்கு என்னைத் தெரியும். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்திருக்கிறார். சுத்தியலால் முட்டியைத் தட்டினார், ஊசியால் குத்தினார், உள்ளங்காலைக் கீறினார். கட்டைவிரல் எழுந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் மேலே விட்டத்தைப் பார்த்தேன்.

“நாய் கடிச்சு ஊசி போட்டுக்கிட்டியா?”

நாய்க்கடி ஊசி மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுப்பது. சிலருக்கு அது நரம்பைத் தாக்கும். ஆனால் அது ஒரே தடவை வந்து போய்விடுவது, பிழைத்தால் பிழைத்தோம். என்னை ஒரு நாய் கடித்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு ஏங்கினேன்.

“இல்ல சார்.”

“சரி. அவசரப்பட்டு எதையும் நினைக்காதே. அது நம்ம ஊர்ல வராத வியாதி. இது ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போற நரம்பு அழற்சியா இருக்கலாம்.”

‘அது’ என்று மட்டும்தான் சொன்னார். பெயரை இருவரும் சொல்லவில்லை.

என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். முதுகெலும்பு இடுக்கில் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் தண்ணீர் அது, சோதனைக்கு வேண்டும். இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொன்னார்கள். ஊசியை விட, ஊசி போன பிறகு வந்த தலைவலிதான் கொடுமை. தலையைத் தூக்கினால் மண்டை பிளந்தது. பாக்கியம் தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து, என்னை எழுப்பாமல் கரண்டியால் ஊட்டினாள்.

அண்ணன் மண்டியை அடைத்துவிட்டு வருவான். வியாதி என்ன என்று கேட்க மாட்டான். கட்டில் ஓரம் உட்கார்ந்து காலை அமுக்குவான். இரண்டு காலில் இடது காலைத்தான் அமுக்குவான், அதுதான் சீக்கான கால் என்று. அந்தக் காலில் எனக்கு ஒரு உணர்ச்சியும் இல்லை. “சுகமா இருக்கால?” என்பான். “சுகமா இருக்குண்ணே” என்பேன்.

பக்கத்துக் கட்டிலில் வரதன் என்பவர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். இடுப்பிலிருந்து கால் வரை நரம்பு இழுத்து வலி. வலி இல்லாத நேரமெல்லாம் வாய்தான்.

“இன்னா நைனா, உன்ன டாக்டருன்றாங்கோ. டாக்டரே பேசண்டு கட்டில்ல பட்த்துகினு கீறியே?”

“நான் முயல் டாக்டர்.”

“அடப் போப்பா! மொசலு கறிக்குத்தான் ஆவும், அதுக்கு ஒரு டாக்டரா?”

நான் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு சிரித்தது அப்போதுதான். ஆனால் விளக்கை அணைத்த பிறகு சிரிப்பு எதுவும் உதவாது. கண்ணை மூடினால் திறக்கும்போது பார்வை இருக்குமா என்று பயம். அதனால் திறந்தே வைத்திருப்பேன், எரியும்.

நாளாக நாளாகக் கால் தேறியது. சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். செருப்பு என்னோடு வந்தது. பெரிய டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சு” என்று வீட்டுக்கு அனுப்பினார். நம்பினேன். நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்த சனிக்கிழமை பாக்கியம் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஆண்களுக்கு சனி, பெண்களுக்கு வெள்ளி என்பது நம் வழக்கம், இதில் வேதக்காரர், இந்துக்காரர் என்று வித்தியாசம் கிடையாது. நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சூடு பறக்கத் தேய்த்தாள். பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. “சீக்குல கெடந்த ஒடம்பு, நல்லா சூடா ஊத்துனாத்தான் வாயு எறங்கும்” என்று வழக்கத்தைவிடச் சூடாகச் செம்பு செம்பாக ஊற்றினாள். சுகமாகத்தான் இருந்தது. சீயக்காய் தேய்க்கும்போது எதிர்ச் சுவர் மங்கியது. ஆவி என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்தேன். சுவர் போய்விட்டது. பாக்கியத்தின் முகமும் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை, பஞ்சு. முக்காலியிலிருந்து அப்படியே சரிந்தேன்.

“பாக்கியம், கண்ணு தெரியலடி! கண்ணு தெரியல!”

அவள் போட்ட சத்தத்தில் மண்டியிலிருந்த ஆட்கள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் என்னை ஈரத்தோடு தூக்கி, ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் போட்டான். நான் கத்திக்கொண்டே இருந்தேன், வெட்கமில்லாமல். மத்தியானத்துக்குள் பார்வை வந்தது. காலும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை, எண்ணெய் போதவில்லை, சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாகக் கொதிக்கவைத்தாள். அதே கதை. இந்தத் தடவை திரும்பி வர சாயங்காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறான், வீட்டுக்கு வந்தால் விழுகிறான், அப்படியானால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று தெருவில் பேச்சு. எதிர்வீட்டு அம்மாள், சனி பிடித்திருக்கிறது, அதனால்தான் சனிக்கிழமை பார்த்து அடிக்கிறது என்றாள். அண்ணன் போதகரை அழைத்து வந்து மூலைக்கு மூலை ஜெபம் பண்ணவைத்தான்.

திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப அதே கட்டில். வரதன் கையைத் தட்டி வரவேற்றார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

“இனிமே சும்மா இருக்கக் கூடாது. காய்ச்சல் வைத்தியம் பண்ணிடலாம்.”

டைபாய்டு தடுப்பு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். உடம்பு அதை விரோதியாக நினைத்துக் கொதிக்கும். அந்தக் கொதிப்பில் நரம்பின் அழற்சி அடங்கும் என்பது கணக்கு. வெளிநாட்டிலும் செய்கிறார்கள். விட்டு விட்டுப் பல தடவை போடுவார்கள். வரதன் ஒருவருக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறார். “கட்டிலே கிடுகிடுன்னு ஆட்ச்சி நைனா. நாலு கம்பளி போட்டும் நிக்கல” என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, “உனுக்கு ஒண்ணும் ஆவாது, நீ கெட்டி” என்று சேர்த்துக்கொண்டார்.

ஊசிக்கு நாள் குறித்தார்கள். பாக்கியம் வந்தபோது நான் வார்டுக் குழாயில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இந்தப் பச்சத் தண்ணியில குளிச்சா ஒடம்பு என்னத்துக்காவும்? வீட்டுக்கு வந்ததும் மொதல்ல வெந்நீ வச்சு ஊத்துதேன்.”

துண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பச்சைத் தண்ணீர், நான் நடக்கிறேன். வீட்டில் வெந்நீர், நான் விழுகிறேன். இரண்டாவது சனிக்கிழமை சூடு அதிகம், திரும்பிவர நேரமும் அதிகம். சனியும் இல்லை, சாத்தானும் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருப்பவள் கொதிக்கவைத்த தண்ணீர். அப்புறம்தான் அடுத்த எண்ணம் வந்தது, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெந்நீர் மேலே ஊற்றுவது, துடைத்துவிட்டால் ஆறிவிடும். காய்ச்சல் உள்ளே இருந்து கொதிப்பது. ஊசி போட்ட பிறகு அதை யார் துடைப்பது?

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

“சூட்டுக்கும் நரம்புக்கும் என்னய்யா சம்பந்தம்? உன் முயல் சொல்லிச்சா?”

“முயலுக்கு நாங்க வெந்நீர் ஊத்திப் பாக்கல சார். உறை உரிஞ்ச நரம்பு ஏதோ தட்டுத் தடுமாறி வேலை செய்யுது. சூடு ஏறினா அந்த வேலையும் நின்னுடுதுன்னு நினைக்கிறேன். இந்த நிலையில காய்ச்சலைக் குடுத்தா, போற கால் திரும்பி வருமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அவர் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“சரி, என் கண் முன்னாடி செஞ்சு காட்டு. நீ சொல்ற மாதிரி நடந்தா காய்ச்சல் கிடையாது. ஆனா அப்படி நடந்தா வேற ஒண்ணும் தெரிஞ்சுடும். உனக்குப் புரியுதில்ல?”

புரிந்தது. எனக்கு வந்தது ஒரே தடவை வந்துபோன அழற்சி என்ற நம்பிக்கை அப்போது வரை இருவருக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் ஆறிவிட்டதாக நினைத்த கண்ணும், ஆறிவிட்டதாக நினைத்த காலும் ஒரே வெந்நீரில் சேர்ந்து போனால், பழைய தழும்புகள் பல இடங்களில் இருக்கின்றன என்று அர்த்தம். பல இடம், பல தடவை. அந்த வியாதிக்குப் பெயரே அதுதான். காய்ச்சல் ஊசியிலிருந்து நான் தப்ப வேண்டுமானால், அந்த வியாதிக்காரன் நான்தான் என்று நானே காட்டிக்கொடுக்க வேண்டும்.

பாக்கியத்திடம் பாதியைத்தான் சொன்னேன். இதில் நான் சொன்னபடி நடந்தால் ஊசி இல்லை என்று மட்டும். காலில் எனக்குச் சூடு தெரியாது, வேறு யாராவது ஊற்றினால் வெந்துபோவேன், நீதான் ஊற்ற வேண்டும் என்றேன். “என் கையாலயா? முடியவே முடியாது” என்றாள். அழுதாள். பிறகு வந்தாள்.

வார்டுக் குளியலறையில் முக்காலி போட்டார்கள். எதிர்ச் சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை. பெரிய டாக்டர் நாற்காலியில், அண்ணன் கதவோரம். பாக்கியம் முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செம்பில் மொண்டதைத் திரும்ப வாளியிலேயே கவிழ்த்தாள்.

“எனக்குக் கை வரலைங்க.”

“ஊத்து.”

ஊற்றினாள். நான் அட்டையை உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி தெரிந்தது. ஊற்றினாள். கடைசி வரி போயிற்று. அதற்கு மேல் வரி போயிற்று. உள்ளுக்குள் ஒரு பாழும் மனசு, போகாதே, போகாதே, எழுத்தே நில்லு என்று கெஞ்சியது. எழுத்து நின்றால் ஊசி, எழுத்து போனால் வியாதி. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பெரிய எழுத்தும் போயிற்று. அட்டையே போயிற்று.

“தெரியல சார்.”

“காலைத் தூக்கு.”

தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். “தூக்குய்யா” என்றார் மறுபடியும்.

“போதும்மா, நிறுத்து!”

செம்பு தரையில் விழுந்து உருண்டது. அண்ணனின் கைகள் என்னைத் தூக்கின. கட்டிலில் போட்டு ஈரத்துணி சுற்றினார்கள். சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. இதுவரை திரும்பி வந்தது, இனியும் வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்? நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது இது. இப்படியே நின்றுவிட்டால்? பல் கிட்டித்துக்கொண்டது. அண்ணன் என் காலை அமுக்கிக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியவில்லை.

முதலில் ஜன்னல் வந்தது. பிறகு கம்பிகள். பிறகு பாக்கியத்தின் சேலையில் பச்சைக் கரை. கால் விரலை அசைத்தேன், அசைந்தது. பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஊசி கிடையாது” என்றார். என் கண்ணைப் பார்க்காமல் போய்விட்டார்.

அண்ணன் கடைக்கு ஓடி லட்டு வாங்கி வந்து வார்டு முழுவதும் கொடுத்தான். வரதன் வாய் நிறைய லட்டோடு, “நைனா, பாஸாயிட்டே! மொசலு டாக்டர் பாஸாயிட்டாரு!” என்று கூவினார். எனக்கு அடக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இதை எழுதும் இப்போது பார்வை இருக்கிறது. இடது கால் ஒரு நொடி தாமதமாக வருகிறது, வரட்டும். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன், வெயில் ஏறும் முன் வீட்டுக்குள் வந்துவிடுகிறேன். காலையில் கண்ணைத் திறக்கும் முன் ஒரு பயம் வரும், இன்றும் வந்தது. என் ஆராய்ச்சியில், இந்த ஊரில் இந்த வியாதி உண்டு என்று ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. தகட்டில் தேடியது கட்டிலில் கிடைத்தது.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். எல்லாரும் போன பிறகு பாக்கியம் என் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

“என்னத்துக்கு அழுதீங்க? கண்ணுந்தான் வந்துட்டு, காலுந்தான் வந்துட்டே.”

மீதிப் பாதியையும் சொன்னேன். உறை, தழும்பு, வரும், போகும், ஒருநாள் போனது திரும்பாது. மருந்து இல்லை என்பதையும் சொன்னேன். அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை.

“நான் ஊத்துனதுலதான் இது தெரிஞ்சுதா?”

“ஆமா.”

“கண்ணு போயிருமா?”

“போகலாம். வரவும் வரலாம்.”

“காலு?”

“போகலாம்.”

“கை?”

“அதுவும்தான்.”

துண்டை உதறிக் கட்டில் கம்பியில் போட்டாள். மூக்கைச் சிந்தினாள். “நம்மூர்ல இந்தச் சீக்கு வேற யாருக்காவது இருக்குமா?” என்றாள்.

“இருக்கும். யாரும் தேடினதில்ல.”

“அவங்க வீட்டுலயும் சனிக்கிழம வெந்நீ வப்பாங்கல்லா? புருஷனுக்குப் பேய் அடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பாவி மகளும் இன்னும் சூடாத்தான் ஊத்துவா, என்னையக் கணக்கா.”

“என் ஆராய்ச்சியில எல்லாத்தையும் எழுதுவேன் பாக்கியம்.”

“அது இங்கிலீசு. அதப் படிச்சு எந்தப் பொம்பள அடுப்ப அணைக்கப் போறா? தமிழ்ல எழுதுங்க. எங்களுக்குப் புரியுத மாதிரி எழுதுங்க.”

“எழுதறேன். உடம்பு கொஞ்சம் தேறட்டும்.”

அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

“தேறுத வரைக்கும் இருக்காதீங்க” என்றாள். “கை இருக்கும்போதே எழுதிருங்க.”